அக்காள் தீட்டிய தங்கை

நம் சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளின் சுவர்களில் இத்தகைய புகைப்படத்தை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். ஒரே துணியில் தைத்த பாவாடை சட்டையுடன் அக்காளும் தங்கையும் ஸ்டுடியோவில் விறைப்பாக நிற்பார்கள். உடையும் ஒன்று, பொட்டும் ஒன்று, பூவும் ஒன்று. ஆனால் உள்ளமும் ஒன்றாகுமா? இதனைச் சிந்திக்க நமக்குத் துணைசெய்யும் ஓர் ஓவியம் உண்டு.

அதனைத் தீட்டியவர் அம்ரிதா ஷெர்கில். 1913-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தவர். தந்தை பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். தாய் ஹங்கேரி நாட்டவர். ஒரே தங்கை இந்திரா 1914-இல் பிறந்தார். 1921-இல் குடும்பம் சிம்லாவுக்கு வந்தது. அம்ரிதாவின் திறமையைக் கண்ட பெற்றோர், 1929-இல் ஓவியம் பயில அவரைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றனர்.

உருவப்படம் வரைய எதிரில் ஒருவர் மணிக்கணக்கில் அசையாமல் அமர வேண்டும். அம்ரிதாவுக்காக அவ்வாறு பலமுறை அமர்ந்தவர் தங்கை இந்திரா. 1932-இல் உருவான 'இளம் பெண்கள்' என்ற எண்ணெய் வண்ண ஓவியத்திலும் அவரைக் காணலாம். உடன் இருப்பவர் பிரெஞ்சுத் தோழி ஒருவர். இந்திரா நாகரிக உடையணிந்து, தன்னம்பிக்கையுடன் அமர்ந்திருக்கிறார். தோழியின் அவிழ்ந்த கூந்தலோ முகத்தை மறைக்கிறது. ஒருத்தி வெளிப்படையானவள், மற்றவள் தனக்குள் ஒடுங்கியவள். இருவரும் அம்ரிதாவின் மனத்தின் இரு பக்கங்களே என்று கூறுவோரும் உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இருவரில் யார் சிறந்தவர் என்று ஓவியர் தீர்ப்புக் கூறவில்லை. ஒருத்தியைப் போல மற்றவளை மாற்றவும் முயலவில்லை. இருந்தபடியே இருவரையும் மதித்து வரைந்தார். 1933-இல் பாரிஸ் கண்காட்சியில் இவ்வோவியம் தங்கப் பதக்கம் பெற்றது. இன்று அது புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது.

1934-இல் தாயகம் திரும்பிய அம்ரிதா, பின்னர் தென்னாட்டிலும் பயணம் செய்தார். 1937-இல் 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்ற ஓவியத்தைப் படைத்தார். 1941 டிசம்பர் 5-ஆம் நாள் லாகூரில் காலமானபோது அவருக்கு வயது 28 மட்டுமே. அவருடைய படைப்புகளை நம் அரசு தேசியக் கலைச் செல்வங்களாகப் போற்றுகிறது.

"அக்காளைப் பார், அவளைப் போல் படி" என்ற சொல் நம் வீடுகளில் புதிதன்று. அன்புடன் சொல்லப்பட்டாலும், கேட்கும் பிள்ளையின் மனம் சுருங்கிவிடுகிறது. கணக்கில் பின்தங்கிய தங்கை கோலத்திலோ பாட்டிலோ முன்நிற்பவளாக இருக்கலாம். அதனைக் காண ஒப்பிடும் கண் உதவாது. பொறுத்திருந்து பார்க்கும் கண் வேண்டும்.

அன்புத் தோழியரே, விடுமுறையில் ஒரு நாள் தாளும் பென்சிலும் எடுத்து, உடன்பிறந்தவளை எதிரில் அமர்த்தி வரைந்து பாருங்கள். படம் சரியாக அமையாவிட்டாலும் குறையில்லை. நாள்தோறும் பார்த்தும் நாம் அறியாதிருந்த ஒருத்தியை அன்று அறிந்துகொள்வோம்.