டேட்டாபேஸ் கருத்தரங்கில் கற்றவை: வீட்டுக் கணக்கிற்கு ஐந்து பாடங்கள்

எந்தப் பொருளை எவ்வளவு வாங்கி வைப்பது, யாருக்குக் கடன் தருவது, எந்த ஊரில் புதிய கிளை திறப்பது என்பது போன்ற முடிவுகளைப் பெரிய நிறுவனங்கள் இன்று தங்களிடம் சேர்ந்துள்ள தகவல்களைப் பார்த்தே எடுக்கின்றன. இதற்கு உதவும் மென்பொருள்களையும் வழிமுறைகளையும் சேர்த்து பிசினஸ் இன்டலிஜென்ஸ் என அழைக்கின்றனர். அந்தத் தகவல்களை ஒழுங்காகச் சேமித்து வைத்து, கேட்டவுடன் எடுத்துத் தரும் அமைப்பு டேட்டாபேஸ். இவை இரண்டும் குறித்த கருத்தரங்கு ஒன்றில் அண்மையில் கலந்து கொண்டேன்.

மென்பொருள் பொறியாளர்களுக்காக நடந்த கருத்தரங்கு அது. ஆனாலும் அங்கு பேசப்பட்ட அடிப்படைகள், சென்ற மாதம் கம்ப்யூட்டர் வாங்கி எக்ஸெல் புரோகிராமில் வீட்டுச் செலவு எழுதத் தொடங்கியிருக்கும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். நிறுவனத்தின் கணக்கில் கோடி வரிகள் இருக்கலாம். உங்கள் கணக்கில் நூறு வரிகள் இருக்கலாம். இரண்டிலும் தவறு நுழையும் வழி ஒன்றுதான். கணக்கு சரியாக வருமா என்பது, வரைபடம் வரைவதற்கு வெகு முன்பே, தகவலை டைப் செய்திடும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அங்கு கிடைத்தவற்றை ஐந்து பாடங்களாகப் பார்க்கலாம்.

பாடம் 1: முதலில் கேள்வி, பிறகு கணக்கு

பிசினஸ் இன்டலிஜென்ஸ் என்ற சொல் புதியதல்ல. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958ஆம் ஆண்டிலேயே இதனைத் தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். எந்தத் தகவல் யாருக்குத் தேவையோ அவரிடம் அதனைக் கொண்டு சேர்ப்பதுதான் அவர் சொன்ன திட்டம். இன்றும் இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் ஓர் அறிக்கை தயாரிக்கும் முன் ஒரு கேள்வி கேட்கின்றனர்: "இதனைப் பார்த்து யார், என்ன முடிவு எடுக்கப் போகிறார்?" பதில் இல்லை எனில் அந்த அறிக்கை தேவையில்லை.

நீங்களும் ஷீட்டைத் திறக்கும் முன் கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். "செலவுக் கணக்கு" என்பது கேள்வியல்ல. "மாதக் கடைசியில் பணம் எதனால் பற்றவில்லை?" என்பது கேள்வி. அப்படிக் கேட்டவுடன், தேதி வேண்டும், செலவின் வகை வேண்டும், தொகை வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

பாடம் 2: ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி

நிறுவனங்கள் பல ஆண்டுத் தகவல்களை ஆய்வுக்கெனச் சேர்த்து வைக்கும் பெரிய கிடங்கிற்கு டேட்டா வேர்ஹவுஸ் என்று பெயர். இதனை வடிவமைப்பது குறித்து 1996இல் வெளியான புகழ்பெற்ற நூலை எழுதியவர் ரால்ப் கிம்பல். ஒரு வரி எதனைக் குறிக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பது அவருடைய முக்கிய அறிவுரை. ஒரு வரி என்பது ஒரு பில்லா, பில்லில் உள்ள ஒரு பொருளா, ஒரு நாளின் மொத்தமா? இதில் குழப்பம் இருந்தால் பின்னால் வரும் கூட்டல் எல்லாம் குழப்பமே.

வீட்டுக் கணக்கு எழுதும் பலர் நெட்டு வரிசைகளுக்கு ஜனவரி, பிப்ரவரி எனப் பெயரிட்டு, படுக்கை வரிசைகளில் மளிகை, பால், வாடகை என எழுதுகின்றனர். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் "எந்த வாரத்தில் அதிகம் செலவாகிறது?" என்று கேட்டால் அதிலிருந்து பதில் வராது. அதற்குப் பதிலாக தேதி, வகை, விவரம், தொகை என நான்கு நெட்டு வரிசைகள் அமைத்திடுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு படுக்கை வரிசை. நடுவில் காலி வரிசை வேண்டாம். "இந்த வார மொத்தம்" என்ற வரியும் வேண்டாம். செல்களை ஒன்றாக இணைக்கவும் வேண்டாம். மொத்தம் போடுவது கம்ப்யூட்டரின் வேலை.

தலைப்புகளையும் சில வரிகளையும் டைப் செய்த பின், அவற்றில் ஏதேனும் ஒரு செல்லில் கர்சரை வைத்து, கண்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்தவும். கிடைக்கும் சிறிய விண்டோவில், தலைப்புகள் உள்ளன என்பதற்கான கட்டத்தில் டிக் அடையாளம் இருப்பதை உறுதி செய்து ஓகே கிளிக் செய்திடவும். உங்கள் பட்டியல் டேபிள் ஆக மாறிவிடும். அடுத்தடுத்த வரிகளை எழுதும்போது டேபிளும் தானாக நீளும்.

பாடம் 3: ஒரு பொருளுக்கு ஒரே பெயர்

இன்று வங்கி முதல் ரயில் முன்பதிவு வரை பரவலாகப் பயன்படும் ரிலேஷனல் டேட்டாபேஸ் என்னும் அமைப்புக்கு அடித்தளமிட்டவர் எட்கர் காட். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய இவர் 1970இல் இது குறித்த கட்டுரையை வெளியிட்டார். 1981இல் டூரிங் விருது பெற்றார். ஒரு தகவலைப் பல இடங்களில் எழுதி வைத்தால், ஓரிடத்தில் மாற்றும்போது மற்ற இடங்களில் பழையதே நின்றுவிடும். இதனைத் தவிர்க்க, ஒரு தகவலை ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவர் வழியில் வந்த முக்கியமான விதி.

வீட்டில் இது எப்படி வரும்? நீங்கள் "மளிகை" என எழுதுவீர்கள். உங்கள் மனைவி "மளிகை சாமான்" என எழுதுவார். மகன் "மளிகைக்கடை" என எழுதுவான். மனிதருக்கு மூன்றும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு மூன்றும் வேறு வேறு. மாதக் கடைசியில் இந்த மூன்றும் 4,200, 2,600, 1,900 ரூபாய் எனப் பிரிந்து நிற்க, பெட்ரோல் 4,800 ரூபாய் என இருப்பதாக வைத்துக் கொள்வோம். பட்டியலில் முதலிடம் பெட்ரோலுக்கு. உடனே வண்டி எடுப்பதைக் குறைக்கலாம் என்று வீட்டில் முடிவாகும். உண்மையில் மளிகைச் செலவு 8,700 ரூபாய். கூட்டலில் தவறில்லை, எடுத்த முடிவுதான் தவறு.

இதற்குத் தீர்வு எளிது. இன்னொரு ஷீட்டில் வகைகளின் பெயர்களை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரே ஒருமுறை எழுதவும். பிறகு கணக்கு ஷீட்டில் வகை என்ற நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா டேப்பில் டேட்டா வேலிடேஷன் கிளிக் செய்திடவும். அலோ என்ற இடத்தில் லிஸ்ட் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். சோர்ஸ் என்ற இடத்தில் கிளிக் செய்து, வகைகளின் பெயர்கள் உள்ள செல்களை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து ஓகே தரவும். இனி யார் எழுதினாலும் அந்தப் பட்டியலில் உள்ள பெயரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

பாடம் 4: டைப் செய்தது அப்படியே இருக்கிறதா?

நாம் டைப் செய்வதைப் பார்த்து, "இது தேதி", "இது எண்" என எக்ஸெல் தானே ஊகித்துக் கொள்கிறது. இந்த உதவி சில நேரங்களில் உபத்திரவம் ஆகிவிடும். மனித ஜீன்களில் சிலவற்றிற்கு மார்ச்1, செப்ட்2 என்பது போன்ற குறியீடுகள் இருந்தன. இவற்றை எக்ஸெல் மார்ச் 1, செப்டம்பர் 2 எனத் தேதிகளாக மாற்றியது. எக்ஸெல் பைலில் ஜீன் பட்டியல் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழைகள் இருந்ததாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. இறுதியில், ஜீன்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு அவற்றின் பெயரையே மார்ச்எஃப்1, செப்டின்2 என மாற்றிவிட்டு, 2020இல் புதிய விதிமுறைகளை வெளியிட்டது. 2023இல் மைக்ரோசாப்ட், தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை எக்ஸெல் புதிய பதிப்புகளில் தந்தது. பைல், ஆப்ஷன்ஸ், டேட்டா எனச் சென்றால் இதனைக் காணலாம்.

நம் வீட்டுக் கணக்கில் வரக்கூடிய மூன்று சிக்கல்கள்:

1. தொகையை 12000/- என நம் பழக்கப்படி எழுதினால், எக்ஸெல் அதனை எண்ணாக எடுத்துக் கொள்ளாது. கூட்டும்போது எந்த எச்சரிக்கையும் இன்றி அதனை விட்டுவிடும். அது வீட்டு வாடகையாக இருந்தால், கையில் 12,000 ரூபாய் மீதம் இருப்பதாக ஷீட் காட்டும். தொகை நெட்டு வரிசையில் எண்ணை மட்டுமே எழுதவும்.

2. 0 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணில் முதல் பூஜ்யம் மறைந்துவிடும். ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே எக்ஸெல் துல்லியமாக வைத்துக் கொள்ளும். எனவே 17 இலக்கம் கொண்ட சமையல் காஸ் இணைப்பின் எல்.பி.ஜி. ஐடியை டைப் செய்தால் கடைசி இரண்டு இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். இத்தகைய எண்களை டைப் செய்திடும் முன்பே, ஹோம் டேப்பில் அந்த நெட்டு வரிசையை டெக்ஸ்ட் என அமைத்திடவும்.

3. 3/4 என்பது ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம், மார்ச் 4 ஆகவும் இருக்கலாம். விண்டோஸில் எந்த நாட்டு அமைப்பு உள்ளதோ அதன்படிதான் எக்ஸெல் எடுத்துக் கொள்ளும். செட்டிங்ஸ் சென்று ரீஜன் பிரிவில் இந்தியா என இருக்கிறதா எனப் பாருங்கள்.

தவறைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. நீங்கள் எதுவும் மாற்றாத நிலையில், எண்களும் தேதிகளும் செல்லின் வலது பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்துகள் இடது பக்கம் நிற்கும். தொகை வரிசையில் ஏதேனும் ஒன்று இடது பக்கம் நின்றால், அங்கே சிக்கல் இருக்கிறது.

பாடம் 5: வரிகளை எண்ணிப் பாருங்கள்

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையில், இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் விவரங்கள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய பைல்கள், எக்ஸெல்லின் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்தில் ஏற்றப்பட்டன. அந்த வடிவத்தில் ஒரு ஷீட்டில் 65,536 வரிகள்தான் இடம் பெறும். அதற்கு மேல் வந்தவை விடுபட்டன. பாதிக்கப்பட்டவர்களுக்கு அவர்களின் முடிவு தெரிவிக்கப்பட்டது. ஆனால் அவர்களுடன் பழகியவர்களைத் தேடி எச்சரிக்க வேண்டிய பணியாளர்களுக்கு இந்த விவரங்கள் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. நோய் பரவிக் கொண்டிருந்த அந்த நாட்களில், தொற்று தங்களுக்கும் வந்திருக்கலாம் என்பதே தெரியாமல் பலர் நடமாடினர்.

இப்போதுள்ள எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். வடிவத்தில் 10,48,576 வரிகள் வரை இடம் உண்டு. நம் வீட்டுக் கணக்கு அந்த எல்லையைத் தொடப் போவதில்லை. பாடம் வேறு: அனுப்பிய வரிகள் எத்தனை, வந்து சேர்ந்த வரிகள் எத்தனை என ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையை டவுன்லோட் செய்து எக்ஸெல்லில் திறக்கும்போது இரண்டு சோதனைகள் செய்திடுங்கள். வரிகளின் எண்ணிக்கை சரியா எனப் பாருங்கள். தொடக்க இருப்புடன் வரவைக் கூட்டி, செலவைக் கழித்தால் வங்கி காட்டும் இறுதி இருப்பு வருகிறதா எனப் பாருங்கள்.

இனி பதில் கேட்கலாம்

இந்த ஐந்தும் சரியாக இருந்தால் மற்றது எளிது. உங்கள் டேபிளில் ஏதேனும் ஒரு செல்லில் கிளிக் செய்து, இன்சர்ட் டேப்பில் பிவட் டேபிள் தேர்ந்தெடுத்து ஓகே தரவும். புதிய ஷீட் ஒன்று கிடைக்கும். வலது பக்கம் உங்கள் தலைப்புகள் பட்டியலிடப்படும். வகை என்பதனை மவுஸால் இழுத்து ரோஸ் என்ற கட்டத்திலும், தொகை என்பதனை வேல்யூஸ் என்ற கட்டத்திலும் விடவும். ஒவ்வொரு வகைக்கும் மொத்தச் செலவு உடனே கிடைக்கும். தொகைக்குப் பதிலாக எத்தனை வரிகள் என்ற எண்ணிக்கை தோன்றினால், நான்காவது பாடத்திற்குத் திரும்பிச் செல்லுங்கள். தொகை வரிசையில் எங்கோ எழுத்து கலந்திருக்கலாம். கணக்கில் புதிய வரிகள் சேர்த்தால், பிவட் டேபிளில் ரைட் கிளிக் செய்து ரெப்ரஷ் தர மறக்க வேண்டாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதனைச் செய்திடலாம்.

இப்போது, சாதாரண மொழியில் கேள்வி கேட்டால் வரைபடமே வரைந்து தரும் ஏ.ஐ. வசதிகளும் வந்துவிட்டன. அவையும் நாம் எழுதி வைத்த வரிகளிலிருந்துதான் பதில் சொல்கின்றன. பதில் அழகாக வருவதால் அது சரியாகிவிடாது.

முதல் மாதம் முப்பது வரிகள் எழுதினால் போதும். மாத முடிவில் பிவட் டேபிள் காட்டும் மொத்தத்தை, பணப்பையிலும் வங்கியிலும் குறைந்துள்ள தொகையுடன் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்து வந்த பின்னரே, எந்தச் செலவைக் குறைக்கலாம் என்ற பேச்சை வீட்டில் தொடங்குங்கள்.