ஆதிச்சநல்லூரில் தொடங்கித் திரேஸ்புரத்தில் முடியுங்கள்

தூத்துக்குடிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ரயிலடியில் ஆட்டோ பிடிக்கிறார்கள், பனிமய மாதா கோயிலைப் பார்க்கிறார்கள், அரைக் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு திருச்செந்தூர்ப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது ஒரு கோயிலும் ஒரு கடையும்தான். இந்த ஊர் பிடிபட வேண்டுமென்றால் கடற்கரையில் தொடங்கக் கூடாது. தாமிரபரணியோடு இறங்கி வர வேண்டும். ஆறு கொண்டுவந்த வண்டல் ஒரு துறைமுகத்தைத் தூர்த்தால் வணிகம் அடுத்ததற்கு நகர்ந்தது. கொற்கை, பழைய காயல், புன்னைக்காயல் என்று நகர்ந்து கடைசியில் தூத்துக்குடிக்கு வந்து நின்றது. அதே வரிசையில் நடந்தும் பேருந்தில் போயும், அந்தந்த இடத்தில் கிடைப்பதை அந்தந்த வேளையில் சாப்பிட்டுக்கொண்டும் வந்தால், தட்டில் இருப்பது ஏன் இந்த ஊரில் இருக்கிறது என்பது தானே விளங்கும்.

ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் காலை. இவ்வளவு நேரம் ஒதுக்குங்கள். தொப்பி, தண்ணீர், பழைய செருப்பு, சில்லறை நோட்டுகள் போதும். எந்தக் கடையிலும் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். இரண்டு பேராகப் போனால் ஒரு தட்டு வாங்கிப் பகிருங்கள்.

காலை: பரம்பு

திருநெல்வேலியில் இறங்கித் திருச்செந்தூர் போகும் சாலையில் ஏறினால் சுமார் 24 கிலோமீட்டரில், ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர். எல்லாப் பேருந்தும் நிற்காது; ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். தூத்துக்குடியிலிருந்து வருபவர்கள் ஸ்ரீவைகுண்டம் போய், ஆற்றைக் கடந்து இந்தச் சாலையைப் பிடிக்க வேண்டும். வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். அங்குள்ள களஅருங்காட்சியகத்தின் வார விடுமுறை எந்த நாள் என்று முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஊர்க்காரர்கள் ‘பரம்பு’ என்று சொல்லும் அந்த மேட்டில் மரம் குறைவு, சரளைக்கல் அதிகம். 114 ஏக்கர் பரப்புள்ள இடுகாடு அது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் இங்கே தோண்டித் தாழிகளைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899இலிருந்து 1905 வரை அலெக்சாண்டர் ரியா தோண்டினார். பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 2004–05இல்தான் தொல்லியல் துறை மறுபடி மண்வெட்டியை எடுத்தது. 2021இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த தாழிகளைத் தோண்டிய குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 5 அன்று திறந்த இந்தக் களஅருங்காட்சியகம் நாட்டில் இவ்வகையில் முதலாவது.

கண்ணாடி மேல் நின்று கீழே பார்க்கும்போது பொன்பட்டத்தையும் இரும்பு வாளையும் மட்டும் தேடாதீர்கள். சாப்பாட்டைத் தேடுங்கள். ரியா திறந்த பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்தன. ஆற்றுக்கு அக்கரையில் சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லை அமெரிக்க ஆய்வகம் கி.மு. 1155 என்று கணித்தது. இறந்தவரோடு சோற்றுக்கு நெல்லும் வைத்து அனுப்பியவர்கள் இந்த ஆற்றங்கரைக்காரர்கள். ஆதிச்சநல்லூரில் கிடைத்த மண்டையோடுகள் ஓர் இனத்தாருடையவையா, பல திசையிலிருந்து வந்து குடியேறியவர்களுடையவையா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். முடிவு எதுவானாலும், இன்று மாலை நீங்கள் நடக்கப்போகும் தூத்துக்குடித் தெருக்களில் அந்தக் கேள்விக்கு இடமே இருக்காது. அத்தனை கரைகளிலிருந்து ஆட்கள் வந்து தங்கிய ஊர் அது.

பரம்பில் நடக்கும்போது காலடியில் ஓட்டுச் சில்லுகள் தென்படும். ஒன்றைக்கூட எடுக்காதீர்கள், பிள்ளைகளையும் எடுக்க விடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் மட்டுமல்ல. அது யாரோ ஒருவருடைய கல்லறை.

முற்பகல்: ஆற்றோடு கீழே

அங்கிருந்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு அருகில்தான். 1870களின் தொடக்கத்தில் முடிந்தது. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. இரு பக்கமும் வாழையும் நெல்லும். சாலையோரக் கடையில் தொங்கும் தாரிலிருந்து இரண்டு நாட்டுப்பழம் வாங்கிச் சாப்பிடுங்கள். பங்குனியிலிருந்து ஆடிவரை வந்தால் பதநீர் கிடைக்கும். காலை பத்து மணிக்குள் இறக்கியதாக இருந்தால் குடியுங்கள், வெயிலில் கிடந்ததை வேண்டாமென்று விடுங்கள். மற்ற மாதங்களில் கருப்பட்டிக் காபி.

சொந்த வண்டியோ ஏரலிலிருந்து ஆட்டோவோ இருந்தால் கொற்கைக்குப் போய்வாருங்கள். பாண்டியரின் துறைமுகம், சங்கப் புலவர்கள் முத்துக்காகப் பாடிய ஊர், இன்று கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. மிகப் பழைய வன்னிமரம் ஒன்று, அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில், பக்கத்தில் ஒரு குளம். பார்ப்பதற்கு அவ்வளவுதான். ஆனால் கடல் எங்கே என்று சுற்றுமுற்றும் தேடிப் பார்த்தால் துறைமுகங்கள் ஏன் இடம் மாறின என்பது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

பிறகு ஆத்தூர், முக்காணி, பழைய காயல் வழியாகத் தூத்துக்குடி. ஆத்தூர் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. காரம் கூடிய வெற்றிலை. ஐந்தாறு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் வேண்டியிருக்கும். பழைய காயல் தாண்டியதும் சாலையோரம் வெள்ளைக் குவியல்கள் தொடங்கும். உப்பளம். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கு உப்புக் கொடுப்பது இந்தப் பக்கம்தான்.

மதியம்: மீன் சாப்பாடு

பெரிய பலகை வைத்த உணவகத்தைத் தேட வேண்டாம். பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியும் மார்க்கெட் பக்கமும் உள்ள சிறிய சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் எங்கே என்று பாருங்கள். உட்கார்ந்ததும் பட்டியல் கேட்காதீர்கள். “அண்ணாச்சி, இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?” என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் கடை நல்ல கடை. “எல்லாம் இருக்கு” என்றால் அது ஐஸ்பெட்டி மீன்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நீங்கள் வஞ்சிரம் என்பதை இங்கே சீலா என்பார்கள், நீங்கள் சீலா என்பது இங்கே ஊளி. விலை வித்தியாசம் பெரியது. சீலா வறுவலுக்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை என்பது என் கருத்து. விளமீன், பாறை, நகரை, சாளை இவற்றில் அன்றைக்கு வந்ததைக் குழம்பில் கேளுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றிய அந்தக் குழம்புதான் இந்தக் கரையின் கைப்பக்குவம். மாசிச் சம்பல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மாசி என்பது அவித்து, புகையிட்டு, மரக்கட்டைபோல் காயவைத்த சூரை மீன். மாலத்தீவுக்குப் போய்வந்த தோணிகள் கொண்டுவந்து பழக்கிய ருசி அது.

மாலை நான்கு மணி: கிரேட் காட்டன் ரோடு

வெயில் தாழ்ந்ததும் நடையைத் தொடங்குங்கள். இன்று வ.உ.சி. சாலை என்று பெயர் மாறிவிட்டாலும், பருத்தி மூட்டைகள் துறைமுகத்துக்குப் போன பாதை என்பது பழைய பெயரிலேயே இருக்கிறது. 1876இல் மணியாச்சியிலிருந்து ரயில் பாதை இங்கே வந்ததும் பருத்திக்காகவும் கொழும்புக் கப்பலுக்காகவும்தான். 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இந்த ஊரில். 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் துணைக்கு வைத்துக்கொண்டு கூலி உயர்வு வாங்கியதும் இங்கேதான். வழியில் குரூஸ் பர்னாந்துவின் சிலையைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். தண்ணீருக்குத் தவித்த ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் அவர். காலையில் நீங்கள் பார்த்த ஆறுதான் இங்கே டீக்கடைக் கொதிகெண்டியில் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் பேக்கரிகளுக்குப் போக வேண்டும். கணேஷ், தனலட்சுமி, சாந்தி என்று பழைய பெயர்கள் பல உண்டு. ஒன்றுக்கு இரண்டு கடையில் ஐம்பது கிராம், ஐம்பது கிராமாக வாங்கி ருசி பாருங்கள். மக்ரூனில் மூன்றே பொருட்கள்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. வெள்ளைக்கருவைச் சீனி சேர்த்து நுரை நிற்கும்வரை அடித்து, பொடித்த முந்திரியைக் கலந்து, காகிதக் கூம்பால் சின்னச் சின்னக் கோபுரமாகப் பிழிந்து, அடங்கிய அடுப்புச் சூட்டில் மெல்ல உலர விடுவார்கள். வேகவைப்பதைவிட உலர்த்துவதுதான் இதில் பெரிய வேலை. நல்ல மக்ரூன் தந்தநிறத்தில், கையில் கனமே தெரியாமல் இருக்கும். கடித்தால் நொறுங்கி நாக்கில் கரைய வேண்டும், கடைசியில் முந்திரி தங்க வேண்டும். பல்லில் ஒட்டினால் ஈரம் ஏறிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது சீக்கிரம் நடக்கும். ஊருக்குக் கொண்டுபோக வேண்டியதை இப்போது வாங்காதீர்கள், கிளம்பும் நாளில் வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவும் கொண்டுவாருங்கள்.

அங்கிருந்து சிவன் கோயில் பக்கம் போங்கள். சங்கரராமேஸ்வரர் கோயிலும் வைகுண்டபதி பெருமாள் கோயிலும் அருகருகே இருக்கின்றன. சாயங்கால பூசை மணியடிக்கும் வேளையில் சுற்றுத் தெருக்களில் பூக்கடை, பலகாரக் கடை, ரசவடை. அப்படியே கிழக்கே நடந்தால் கடல்.

பொழுது சாயும்போது: பெரிய கோயில்

பனிமய மாதா பேராலயத்தை ஊரில் பெரிய கோயில் என்பார்கள். 1530களில் பரதவர்கள் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542இல் சவேரியார் வந்தார். மாதா சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். இப்போதுள்ள கோயில் 1713இல் எழுந்தது. ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை திருவிழா. அந்த நாட்களில் வந்தால் நடக்க இடமிருக்காது, ஆனால் ஊர் முழுவதும் ஓரிடத்தில் இருக்கும். தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடாது. முதன்முதல் 1806இல் ஓடியது. அதன்பின் குறிப்பிட்ட ஆண்டுகளில் மட்டும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீட்டு வாசல் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடங்கள்: பர்னாந்து, மச்சாது, மோத்தா, ரோச், கொரைரா. 1658இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1750இல் கட்டிய திரித்துவ ஆலயம் அங்கிருந்து தொலைவில் இல்லை. அவர்கள் கம்பெனியின் முத்திரை எழுத்துகள் அதில் இன்னும் தெரிகின்றன.

ரோச் பூங்கா வரை கடற்கரைச் சாலையில் நடந்து, சுண்டல் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். பழைய துறைமுகத்துக்குள் போக அனுமதி இல்லை. வெளியிலிருந்தே மரத்தோணிகள் தெரிந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் போகும் தோணிகள் அவை.

இரவு: நைட் கிளப்

இந்தப் பெயரைப் பலகையில் பார்த்து மிரள வேண்டாம். தூத்துக்குடியில் நைட் கிளப் என்றால் இரவுப் பரோட்டாக் கடை. எட்டு மணிக்குமேல் போங்கள். பொரிச்ச பரோட்டா கேளுங்கள். கல்லில் வெந்த பரோட்டாவை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து எடுப்பது அது. வந்ததும் சூட்டோடு பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றச் சொல்லி, பாதி ஊறியும் பாதி மொறுமொறுப்பாகவும் இருக்கும்போதே சாப்பிட வேண்டும். இரண்டுக்குமேல் வேண்டாம், விடியற்காலை எழ வேண்டும்.

விடியல்: திரேஸ்புரம்

ஊரின் வடகோடியில் நாட்டுப்படகுகள் கரை சேரும் இடம். அதிகாலையில் போனால் ஏலச் சத்தம் தெருவிலேயே கேட்கும். ஓரமாக நில்லுங்கள், கூடை சுமந்து வருபவருக்கு வழி விடுங்கள், மீனைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டுவிட்டு நகராதீர்கள். படம் எடுக்க வேண்டுமென்றால், “அக்கா, ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?” என்று முதலில் கேளுங்கள். முகம் சுளித்தால் கேமராவை உள்ளே வையுங்கள். அவர்கள் கூலிக்கும் கடனுக்கும் நடுவே விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முத்துக்குளித்தல் இந்தக் கடலில் 1961ஓடு நின்றுபோனது. கடலடிப் பார்களில் முத்துச்சிப்பி இல்லை. சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்றும் இங்கே உண்டு. வங்காளத்துப் பெண்கள் அணியும் சங்கு வளையல்களுக்கு இந்தக் கடலின் சங்குதான் நெடுங்காலமாகப் போகிறது. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் குளியாளாக இருந்தவராகவும் இருக்கலாம். ஆழத்தைப் பற்றிக் கேளுங்கள், வருமானத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆப்பமோ இட்லியோ நேற்றைய மீன்குழம்போடு கிடைத்தால் அதுவே காலைச் சாப்பாடு.

இன்னும் அரை நாள் கையில் இருந்தால் தெற்கே காயல்பட்டினம் போகலாம். நோன்பு மாதத்து மாலைகளில் கறிக்கஞ்சியும் வாடாவும், மற்ற நாட்களில் தம்மடையும். ஆனால் அது தனி நடை. இதோடு சேர்த்து அவசரப்படுத்த வேண்டாம்.

நாள் குறிக்கும்போது ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதை நினைவில் வையுங்கள். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டுமே, விலையும் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான படகுகள் கடலுக்குப் போகாது, ஆகவே திங்கள் விடியலில் கரை வெறிச்சோடியிருக்கும். முதல்முறை வருபவர்கள் தை, மாசியில், வாரநாளில் வாருங்கள்.