கோரைக் கிழங்கும் புற்றுநோயின் குருத்தணுக்களும்

எலவனாசூர்கோட்டையிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வரும் பெருங்குடல் புற்றுநோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. கீமோதெரபியால் கட்டி சுருங்கிய பின்பும் நோய் திரும்புவது ஏன்? மஞ்சள் உட்கொண்டால் அதனைத் தடுக்க இயலுமா?

வயலில் கோரை களைந்தவர்களுக்கு முதற்கேள்வியின் விடை எளிதில் விளங்கும். தழையை அறுத்தாலும், மண்ணுக்குள் கிழங்கு தங்கினால் கோரை மீண்டும் முளைக்கும். புற்றுநோய்க் கட்டியிலும் அத்தகைய சில அணுக்கள் உண்டு. ஸ்டெம் செல் எனப்படும் அவற்றைக் குருத்தணுக்கள் என்போம். 2007ஆம் ஆண்டில் கனடா, இத்தாலி நாடுகளின் ஆய்வாளர்கள் பெருங்குடல் கட்டிகளில் அவற்றை அடையாளம் கண்டு வெளியிட்டனர்.

கீமோ மருந்துகள் பெரும்பாலும் விரைந்து பிளவுறும் அணுக்களையே தாக்குகின்றன. குருத்தணுக்களில் பல மெதுவாகப் பிளவுறும். உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துவிடும். தமக்கு நேர்ந்த மரபணுச் சேதத்தைத் தாமே சீர்செய்துகொள்ளும். இத்தற்காப்பைக் குலைத்து, அவற்றையும் மருந்துக்கு இணங்கச் செய்வதே இன்றைய ஆய்வுகளின் நோக்கம்.

அவ்வாறு ஆராயப்படும் பொருள்களுள் ஒன்று, மஞ்சளிலுள்ள குர்குமின். ஆய்வகத்தில், கீமோ மருந்துக்குத் தப்பிய குருத்தணுக்களை அது குறைத்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், நோய் பரவிய 28 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. கீமோவுடன் நாளொன்றுக்கு 2 கிராம் குர்குமினை, அவர்களுள் அதனைப் பெற்றவர்களால் தாங்க முடிந்தது என்பதை அது காட்டியது. எனினும், இத்துணைச் சிறிய ஆய்வைக் கொண்டு நோய் குணமாகும் என்று கூற இயலாது.

சமையல் மஞ்சளில் குர்குமின் சிறிதளவே உள்ளது. அதிலும் மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. குழம்பிலும் ரசத்திலும் இடும் மஞ்சளுக்குத் தடையில்லை. ஆனால் குர்குமின் மாத்திரைகளை எங்களிடம் கூறாமல் உட்கொள்ளாதீர்கள். சிலருக்கு அவற்றால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதுண்டு. மஞ்சளை நம்பிக் கீமோவை நிறுத்துவது அதனினும் பெருந்தீங்கு.

இன்று நம் கையில் உள்ள உறுதியான வழி, குறித்த நாளில் குறித்த சுற்றைப் பெறுவதே. வயிற்றுப்போக்கு, கை கால் மரத்தல் போன்றவை தோன்றினால் மருந்தின் அளவையோ இடைவெளியையோ நாங்கள் மாற்றியமைப்போம். நீங்களாக நிறுத்த வேண்டாம். காய்ச்சல் வந்தால் இரவாயினும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

சிகிச்சை முடிந்த பின்னரும் சிஇஏ இரத்தப் பரிசோதனைக்கும், கொலோனோஸ்கோபிக்கும் நாங்கள் குறித்துத் தரும் நாளில் தவறாது வாருங்கள். களையெடுத்த வயலை உழவர் மறுபடியும் சென்று பார்ப்பது போன்றதே இது. மீண்டும் முளைவிட்டாலும், சிறிதாக இருக்கும்போதே கண்டால் அகற்றும் வாய்ப்பு அதிகம்.