அட்வென்ட் முதல் அசனம் வரை: சபை வீடுகளுக்குச் சில குறிப்புகள்

பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி என்று நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் ஆங்கிலிக்கன் மிஷன்கள் வளர்த்த சபைகள் 1947 செப்டம்பர் 27 முதல் தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்ந்துவிட்டன. பெயர் மாறினாலும் சேகரம், பாமாலை, பிடியரிசி, சபை விருந்தான அசனம் என்ற பழைய ஒழுங்கு மாறவில்லை. டிசம்பர் வந்தால் வீட்டு வேலையும் கோயில் வேலையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இரண்டையும் ஒருத்தி தலையிலேயே கட்டினால், பண்டிகை அதிகாலை ஆராதனையில் அவள் தூங்கி வழியத்தான் செய்வாள். அந்தச் சுமையைப் பங்கு வைக்கவே இந்தக் குறிப்புகள்.

1. வெளியூரில் இருப்பவர்கள் அக்டோபரிலேயே ரயில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். முன்பு 120 நாள் இருந்த முன்பதிவு, 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகிவிட்டது. டிசம்பர் 22-ம் தேதி ரயிலேற வேண்டுமானால் அக்டோபர் 23 காலையிலேயே பதிவு செய்ய வேண்டும். நாசரேத் பக்கம் போகிறவர்களுக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ் வசதி. 24-ம் தேதி ராத்திரி பெட்டியோடு வந்து இறங்குகிற பிள்ளையைவிட, இரண்டு நாள் முன்னால் வந்து முறுக்குப் பிழியக் கை கொடுக்கிற பிள்ளைதான் அம்மாவுக்கு உதவி.

2. அட்வென்ட் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அன்று ஆராதனை முடிந்து வந்ததும் ஒரு தாளில் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வீட்டு ஆண்களின் பெயரும் பையன்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஒட்டடை அடிப்பது, பரணிலிருந்து அண்டா இறக்குவது, மாவு திரிக்கப் போவது எல்லாம் அவர்களால் முடிகிற வேலைதான்.

3. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது. வெள்ளையடிக்க நினைத்தால், வெயில் தொடர்ந்து அடிக்கிற இடைவெளி கிடைத்த உடனே ஆரம்பித்துவிடுங்கள். சுண்ணாம்பை ஒரு ராத்திரி ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் கல்லுப்பும் நீலமும் சேர்த்தால் சுவரில் கோடு கோடாக நிற்காது. சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

4. 2023 டிசம்பரில், பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து எத்தனையோ பேரின் காகிதங்கள் ஊறிப்போயின. ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணச் சான்றிதழ்கள், பத்திரம், ஆதார் எல்லாவற்றையும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் பரணில் வையுங்கள். கைபேசியிலும் ஒரு படம் எடுத்து வைத்தால் நல்லது.

5. விதவைகளுக்கும் முதியவர்களுக்கும் சேலை எடுத்துக் கொடுக்கிற பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை: டிசம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள், ரவிக்கை தையல் கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். 23-ம் தேதி கையில் கிடைக்கிற சேலையைப் பண்டிகை அன்று உடுத்த முடியாது. எந்தத் தையல்காரரும் அப்போது துணி வாங்கமாட்டார். மேடையில் பெயர் வாசித்துக் கொடுக்கவும் வேண்டாம். வீட்டுக்குப் போய், நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்டுக் கொடுங்கள்.

6. சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோகிற பிடியரிசி எங்கள் பாட்டிமார் காலத்து வழக்கம். புழுங்கலையும் பச்சரிசியையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்; கலந்த அரிசி ஒரே பதத்தில் வேகாது, கோயிலில் ஏலம் போடும்போதும் விலை போகாது. இரண்டு காய்ந்த மிளகாயைப் போட்டு வைத்தால் வண்டு அண்டாது.

7. குடில் வைக்கிற வீடுகளில் பச்சைப் புல்வெளி வேண்டுமானால் டிசம்பர் 14, 15 வாக்கில் அகலத் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கம்போ விதைத்து, ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். முளை கண்டதும் சாக்கை எடுத்து வெளிச்சத்தில் வைக்க வேண்டும். குடிலுக்குள் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. வைக்கோல் ஒரு நொடியில் பற்றிக்கொள்ளும்.

8. நட்சத்திரத்துக்குள் பழைய குண்டு பல்பு வேண்டாம். சூட்டில் காகிதம் கருகும். எல்.இ.டி. பல்பே போதும். ஜன்னல் கம்பி, இரும்பு கேட் மேல் ஒயரைச் சுற்றாதீர்கள். மழையில் ஒயர் கசிந்தால் கேட்டைத் தொடுகிற குழந்தைக்கு ஷாக் அடிக்கும். மூங்கில் கழியில் கட்டுங்கள்.

9. இந்தப் பக்கத்துப் பண்டிகைப் பலகாரம் என்றால் முந்திரிக்கொத்துதான். கேக் பின்னால் வந்தது. ஒரு கிலோ சிறுபயறை வெறும் சட்டியில் வாசனை வரச் சிவக்க வறுத்து, ரவைப் பதத்தில் திரித்துக்கொள்ளுங்கள். தேங்காய்த் துருவலை ஈரம் முழுவதும் போகும்வரை வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் சில நாளிலேயே பூசணம் பூக்கும். முக்கால் கிலோ உடன்குடிக் கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, அடியில் படிகிற மண்ணைத் தள்ளி, வடிகட்டிப் பாகு காய்ச்சுங்கள். எள்ளு, ஏலம், சுக்கு சேர்த்து மாவில் பாகை ஊற்றிக் கிளறி, சூடு இருக்கும்போதே உருட்டிவிட வேண்டும். ஆறினால் உதிரும். அதனால்தான் இது தனியாளாகச் செய்கிற பலகாரம் இல்லை. கிளற ஒருவர், உருட்ட நாலு பேர் வேண்டும். உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, இறுக்கி உருட்டுங்கள்.

உருண்டைகளை ஒரு ராத்திரி காற்றாட வைத்துவிட்டு மறுநாள் சுடுங்கள். பச்சரிசி மாவு இரண்டு பங்கு, மைதா ஒரு பங்கு, உப்பு, மஞ்சள்தூள் சேர்த்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் தளரக் கரைத்து, மூன்று மூன்றாக முக்கிப் போட வேண்டும். எண்ணெய் சரியாகக் காயாமல் போட்டால் உருண்டை பிரிந்து எண்ணெய் முழுவதும் கறுத்துவிடும். மூன்று வீடு சேர்ந்தால் ஒரு வீட்டில் முந்திரிக்கொத்து, ஒரு வீட்டில் முறுக்கு, ஒரு வீட்டில் அதிரசம் என்று வைத்துக்கொள்ளலாம். விறகும் எண்ணெயும் மிச்சம், மூன்று வீட்டுக்கும் மூன்று பலகாரம்.

10. புதிய அச்சு முறுக்கு அச்சைக் கஞ்சித் தண்ணீரில் வேகவைத்துத் துடைத்து, எண்ணெய் தடவி இரண்டு நாள் வையுங்கள். சுடும்போது அச்சை எண்ணெயிலேயே காயவைத்து, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்குங்கள். முழுதும் முக்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு கழன்று வராது. சுட்டதைச் செய்தித்தாளில் பரப்ப வேண்டாம், அச்சு மை உணவில் ஏறும். வாழையிலையோ வெள்ளைத் துணியோ போதும்.

11. கேக்குக்குப் பழங்களை மது இல்லாமல் ஊறவைக்கிற வீடுகளே நம்மிடம் அதிகம். ஆரஞ்சுச் சாறோ திராட்சைச் சாறோ ஊற்றினால் குளிர்சாதனப் பெட்டியில், அதிகம் போனால் இரண்டு மூன்று நாள். வெளியே வைத்தால் புளித்துவிடும். மாவில் சேர்க்குமுன் பழத்தை வடித்து, கொஞ்சம் மைதாவில் புரட்டினால் அடியில் தங்காது. குக்கரில் செய்கிறவர்கள் கேஸ்கட்டையும் வெயிட்டையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

12. கேரல் ரவுண்ட்ஸ் வருகிற ராத்திரிக்கு: சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியைப் பெரிய பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள். தெருத் தெருவாகப் பாடிவருகிற பிள்ளைகளின் தொண்டைக்குக் குளிர்பானம் ஆகாது. காணிக்கைக் கவரில் பெயரையும் தெருவையும் முன்கூட்டியே எழுதி, விளக்கடியில் வைத்துவிட்டால் நடுராத்திரியில் பேனா தேட வேண்டாம். வாசல் விளக்கு எரியட்டும்.

பாட்டுக் குழுவுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. கைக்குழந்தை உள்ள வீடு, நோயாளி உள்ள வீடு, துக்க வீடு எவையென்று சபை ஊழியரிடம் கேட்டு ஒரு பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் டிரம்மை நிறுத்தி, வாய்ப்பாட்டாக ஒரு பாமாலையோ கீர்த்தனையோ பாடி, ஒரு சிறு ஜெபம் போதும். ராத்திரி 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஸ்பீக்கர் கொண்டுபோகிற தெருக்களை முன்னிரவிலேயே முடித்துவிட்டு, பிற்பாடு கையில் ஒரு கஞ்சிராவோடு போகலாம். என் மனசுக்கு அதுதான் கேட்க நன்றாகவும் இருக்கும். பாட்டின் வார்த்தை காதில் விழும்.

13. அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்குத் தட்டு கொடுக்கும்போது யோசித்துக் கொடுங்கள். பண்டிகை மார்கழியில் வருகிறது. மார்கழி முழுதும் கவுச்சி தொடாத வீடுகளும், சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் இருக்கிற வீடுகளும் உண்டு. அங்கே பிரியாணி போகக் கூடாது. அச்சு முறுக்கிலும் கேக்கிலும் முட்டை சேர்ந்திருக்கும். முந்திரிக்கொத்து, முறுக்கு, அதிரசம் இவற்றைத் தனி டப்பாவில் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டால் தயக்கமின்றிக் கொடுக்கலாம். முஸ்லிம் வீட்டுக்குப் போகிற கேக்கில் ரம் சேரவில்லை என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

14. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டாரும் சொந்தக்காரரும்தான் பலகாரம் கொண்டுபோக வேண்டும். திண்ணையில் வைத்துவிட்டு நழுவாதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி நாலு வார்த்தை பேசுங்கள். போன கிறிஸ்துமஸுக்கு அவர் என்ன செய்தார் என்று அவர்களே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ‘அத்தை, நாளைக்கு ஆராதனைக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன்’ என்று நேரமும் சொல்லிவிட்டு வாருங்கள். தனியாகக் கோயிலுக்குள் நுழைவதுதான் அவர்களுக்கு முதல் வருஷத்தில் கஷ்டம்.

15. படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே திருவிருந்து கேளுங்கள். இது புதுச் சலுகை இல்லை. 1662-ம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்திலேயே நோயாளிக்கென்று தனி முறைமை உண்டு. குருவானவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லவும், எத்தனை பேர் சேர்ந்து வாங்குவார்கள் என்று அறிவிக்கவும், வீட்டில் தக்க இடத்தை ஆயத்தம் பண்ணவும் அது சொல்கிறது. நானூறு வருஷத்தை நெருங்குகிற அந்த யோசனை இன்றைக்கும் அப்படியே பொருந்தும். ஒரு வாரம் முன்னால் குருவானவரிடம் சொல்லுங்கள். கட்டில் அருகே சின்ன மேஜை, துவைத்த வெள்ளைத் துணி, ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் போதும். விழுங்கச் சிரமப்படுகிறவரானால் அதையும் சொல்லிவிட்டால், அப்பத்தைச் சின்னத் துணுக்காக ரசத்தில் தோய்த்துக் கொடுப்பார். டிவியை அணைத்துவிட்டு, வீட்டார் அனைவரும் கூட இருங்கள்.

16. அதிகாலை ஆராதனைக்கு முந்தின சாயங்காலமே உடுப்பைத் தேய்த்து ஆள்வாரியாக அடுக்கிவிடுங்கள். காணிக்கைக்குச் சில்லறை, பாமாலை, வேதப்புத்தகம், பாட்டிக்குச் சால்வை, எல்லாம் ஒரே பையில். கறிக்கடையில் 23-ம் தேதியே சொல்லி வைத்து, மசாலாவை 24-ம் தேதி மத்தியானமே அரைத்துவிட்டால், ஆராதனையில் உட்கார்ந்துகொண்டு அடுப்பை நினைக்க வேண்டியதில்லை. ஆட்டோவில் இடம் இருந்தால் வழியில் நடந்துபோகிற வயசாளி ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

17. அசனத்துக்கு நாள் ஊருக்கு ஊர் வேறுபடும், ஆயத்தம் ஒன்றுதான். நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி என்பது சராசரிக் கணக்கு. கறிக்குழம்பு நாளில் ஒன்றிரண்டு கிலோ கூடவே போடுங்கள். மழைக் காலத்தில் விறகை மூன்று வாரம் முன்னதாகவே வாங்கித் தார்ப்பாயின் கீழ் அடுக்காவிட்டால் சமையல் பந்தலெல்லாம் புகைதான். சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு முந்தின ராத்திரியே உரித்து வையுங்கள். வாலிபர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு சாக்கு வெங்காயம் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். கத்தரிக்காயை நறுக்க நறுக்க உப்புத் தண்ணீரில் போட்டால் கறுக்காது.

பந்தியில் வந்த வரிசையில் உட்கார வையுங்கள். எந்தத் தெருக்காரர், யார் வீட்டார் என்று பார்த்து இலை போடுகிற பேச்சே அசனத்தில் எழக்கூடாது. எழுந்தால் பெரியவர்கள் அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும். ஒரே அண்டாச் சோற்றை எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உண்பதற்காகத்தான் இந்த விருந்தே. வர முடியாதவர்களுக்கான தூக்குகளை முதல் பந்திக்கு முன்பே நிரப்பி அனுப்புங்கள். கடைசியில் அனுப்பினால் குழம்பில் கறி இருக்காது. மிஞ்சியதைச் சாயங்காலத்துக்குள் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். இரவல் வாங்கின அண்டா, அகப்பை ஒவ்வொன்றின் அடியிலும் முன்பே பெயிண்டில் வீட்டு அடையாளம் போட்டிருந்தால், ராத்திரி கழுவிக் கவிழ்க்கிற பெண்களுக்கு எது யாருடையது என்ற குழப்பம் இருக்காது. கழுவுகிற வேலையில் ஆண்களும் சேர்ந்துகொண்டால் எட்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடலாம்.