செக் என்னும் சொல்

மீனாட்சிபுரம் ஓர் எல்லை ஊர். இந்தப் பக்கம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம். அந்தப் பக்கம் தமிழ்நாடு. பொள்ளாச்சிக்குப் போகும் சாலை. இங்கே பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரிந்த ஓர் ஆங்கிலச் சொல் உண்டு. அதுதான் 'செக்'.

"செக் போஸ்ட் எல்லாம் இறங்குங்க!" என்கிறார் பேருந்து நடத்துனர். பால் லாரியை நிறுத்தி, பாலைச் 'செக்' பண்ணுகிறார்கள். கட்டம் போட்ட துணிக்கும் 'செக்' என்றே பெயர். தோப்பு வைத்திருக்கும் ஓர் அம்மாவுக்குத் தேங்காய் வியாபாரி பணத்துக்குப் பதில் 'செக்' எழுதித் தருகிறார். அந்த அம்மா இப்போதுதான் எழுத்துக் கற்றவர். ஒரே சொல்லுக்கு இத்தனை பொருளா என்று அவருக்கு வியப்பு.

சதுரங்கம் நம் நாட்டில் தோன்றிய ஆட்டம். அது இங்கிருந்து பாரசீகம் போயிற்று. இன்றைய ஈரான்தான் பாரசீகம். அந்நாட்டு மொழியில் 'ஷா' என்றால் அரசன். எதிரியின் காய் அரசனை வெட்ட வரும்போது 'ஷா!' என்று சொல்லி எச்சரிப்பார்கள். ஆட்டம் அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. சொல்லும் கூடவே போனது. பிரெஞ்சுக்காரர் வாயில் திரிந்து, ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று.

அரசனுக்கு ஆபத்து என்றால் வேறு காயை இஷ்டம்போல் நகர்த்த முடியாது. அதனால் 'தடுத்து நிறுத்து' என்ற பொருள் வந்தது. நிறுத்தினால்தானே சோதிக்க முடியும்? 'சோதித்துப் பார்' என்ற பொருளும் சேர்ந்தது. துணிக்குப் பெயர் வந்தது சதுரங்கப் பலகையின் கட்டங்களால்.

எல்லையில் இருந்த வணிகவரிச் சோதனை, 2017ஆம் ஆண்டில் சரக்கு சேவை வரி வந்தபின் நின்றுபோனது. பால் சோதனை நிற்கவில்லை. 2022 ஓணத்துக்கு முன்பு, யூரியா கலந்த ஒரு லாரிப் பால் மீனாட்சிபுரத்தில் பிடிபட்டது.

காசோலைக்கு ஏன் இந்தப் பெயர்? முதலில் அடிக்கட்டைக்குத்தான் அந்தப் பெயர் இருந்தது. சீட்டு போலியா என்று அடிக்கட்டையோடு ஒப்பிட்டுச் சோதிப்பார்கள். பிறகு சீட்டுக்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

காசோலையில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் அதை வங்கியில் போட வேண்டும். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவார்கள். இரண்டும் மாறுபட்டால், 1881ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தில் உள்ள தொகைதான் செல்லும். வங்கி காசோலையைத் திருப்பி அனுப்பிவிடவும் கூடும்.

தோப்புக்கார அம்மா தம் காசோலையை எழுத்துக் கூட்டிப் படித்தார். எண்ணில் 14,500 என்று இருந்தது. எழுத்தில் 'நான்காயிரத்து ஐந்நூறு' என்று மட்டும் இருந்தது. மறுபடியும் படித்தார்.

"ஏனுங்க அண்ணா, எழுத்துல பத்தாயிரம் விட்டுப் போச்சுங்க. வேற செக் எழுதிக் குடுங்க."

"அட, ஆமாங்க அக்கா!" வியாபாரி கண்ணாடியைத் தேடி எடுத்தார். பழையதைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார்.