எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதே

மகளே, மணலி மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் காலை ஏழு மணிக்கு நின்று பார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, தோளில் தூங்குகிற பிள்ளை. ரிஃபைனரி பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவள், திருவொற்றியூரில் துணிக்கடையில் நிற்கிறவள், பாரிமுனையில் கணக்கு எழுதுகிறவள் எல்லாருக்கும் ஒரே கவலை. பிரசவ விடுப்பை 2017இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள். நல்லதுதான். 26 வாரம் முடியும்போது பிள்ளைக்கு ஆறு மாதம். நம் பால்வாடியில் பிள்ளையை உட்கார வைப்பதோ இரண்டு வயதில். நடுவில் இருக்கிற ஒன்றரை வருஷத்துக்கு யார் மடி?

அதற்காகத்தான் டே கேர் தேடி அலைகிறாய். போன இடத்தில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வியையே நீயும் கேட்கிறாய்: "எத்தினி வருசமா பாத்துக்கினு இருக்கீங்க?" அந்தம்மா "பதினஞ்சு வருசம்மா" என்றதும் உன் மனசு ஆறிவிடுகிறது. மேலே ஒன்றும் கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறாய். நான் பால்வாடியில் 31 வருஷம் வேலை பார்த்தவள். என் பேத்திக்கும் இதே ஊரில் இடம் தேடியவள். அந்தப் பதினைந்து வருஷத்தை எப்படி எடை போடுவது என்று சொல்கிறேன், கேள்.

1. அந்த வருஷங்கள் எந்த வயதுப் பிள்ளைகளோடு கழிந்தன என்று கேள்.

என்னையே எடுத்துக்கொள். 31 வருஷம் என்றால் பெரிய அனுபவம்தான். ஆனால் அத்தனையும் ஓடியாடுகிற, வாய்விட்டுக் கேட்கிற பிள்ளைகளோடு. கைக்குழந்தைக்கு நான் செய்ததெல்லாம் எடை பார்த்ததும், தாயிடம் சத்துமாவு கொடுத்து அனுப்பியதும்தான். நாள் முழுக்க ஒரு ஆறு மாதப் பிள்ளையை வைத்துப் பார்த்ததில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாட்டும் கதையும் தெரிந்தால் சமாளித்துவிடலாம். ஆறு மாதப் பிள்ளையிடம் பசி அழுகை எது, வயிற்றுவலி அழுகை எது, தூக்கத்துக்குச் சிணுங்குவது எது என்று பிரித்துத் தெரிய வேண்டும். ஆகவே, "ஒரு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்கள எத்தினி பேரைப் பாத்திருக்கீங்க?" என்று கேள்.

2. கடைசியாக என்ன கற்றுக்கொண்டாள் என்று கேள்.

1988இல் அமெரிக்காவில் ஐந்து நகரங்களில் 227 காப்பகங்களுக்குப் போய் ஆராய்ந்தார்கள். பிள்ளைகளைக் கனிவாகவும் கவனமாகவும் நடத்தியவர்கள் யார் என்று பார்த்தபோது, வேலை பார்த்த வருஷக்கணக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை. படிப்பும், குழந்தை வளர்ப்பில் எடுத்த பயிற்சியும்தான் சொன்னது. நம் தெருவிலும் இதைக் காணலாம். கைக்குழந்தைக்குத் தேன் தொட்டு வைப்பதைப் பழகியவள் முப்பது வருஷமும் வைப்பாள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்துத்தான் தூங்கச் செய்ய வேண்டும் என்பதும் அப்படியே. "முன்னாடி இப்படிச் செஞ்சேன், நர்ஸம்மா சொன்னதும் மாத்திக்கினேன்" என்று ஒருத்தி சொன்னால், அவளுடைய அனுபவம் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம்.

3. மத்தியானம் பிள்ளை யார் மடியில் இருக்கும் என்று கேள்.

அனுபவம் உள்ளவர் முன் அறையில் உட்கார்ந்து உன்னிடம் பேசுவார். பால் புகட்டுவது போன மாதம் வேலைக்கு வந்த பெண்ணாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். நடத்துகிறவருக்கு இருபது வருஷப் பெயர். உள்ளே போனால், தலையணைமேல் பால் புட்டியைச் சாய்த்து வாயில் வைத்துவிட்டு, அந்தச் சின்னப் பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் புரை ஏறி முகம் சிவந்துவிட்டது. நல்லவேளை, ஓடிப்போய்த் தூக்கினேன். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆயா வந்து எத்தனை மாதம் ஆகிறது, அவருக்கு முன் இருந்தவர் ஏன் போனார் என்று கேள். மாதத்துக்கு ஒரு முகம் மாறினால் பிள்ளை யாரிடம் ஒட்டும்?

4. மடிகளை எண்ணு.

எவ்வளவு அனுபவம் இருந்தாலும் ஒருத்திக்குக் கை இரண்டுதான். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊரில் அப்படிக் கிடைப்பது கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருத்தி தனியாக ஏழெட்டுக் கைக்குழந்தைகளைப் பார்க்கிறாள் என்றால் அங்கே விடாதே. அவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் விடாதே.

5. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போ. ஒரு மணி நேரம் உட்கார்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள் முதலில் உன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாளா, பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசுகிறாளா என்று கவனி. ஈரத்துணி மாற்றிய கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த பிள்ளையைத் தொடுகிறாளா? பாலாடையோ புட்டியோ, மடியில் வைத்துப் புகட்டுகிறாளா? புகட்டி முடிந்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விட வைக்கிறாளா? பிள்ளை வீறிட்ட பிறகு எழுந்து வருகிறாளா, சிணுங்கும்போதே வருகிறாளா? பழகிய கை இதிலெல்லாம் தெரிந்துவிடும். இன்னொரு நாள், சொல்லாமல் பகல் மூன்று மணிக்குப் போ. எல்லாரும் களைத்திருக்கும் நேரம் அது.

6. "அப்போ என்ன செஞ்சீங்க?" என்று கேள்.

"பிள்ளைக்குப் புரை ஏறினா என்ன செய்வீங்க?" என்றால் யாரும் ஏதாவது சொல்லிவிடுவார்கள். "எப்போ ஏறிச்சு, என்ன செஞ்சீங்க?" என்று கேள்; பொம்மையை வைத்துச் செய்துகாட்டச் சொல். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்து மூச்சு விட முடியாமல் போனால், முன்கையில் தலை தாழக் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. அடைப்பு போகவில்லை என்றால் திருப்பி, நெஞ்செலும்பின் மேல் 5 அழுத்து. அதற்குள் இன்னொருவர் 108க்குப் போன் செய்ய வேண்டும். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரல் விட்டுத் துழாவக் கூடாது. இது தெரியாதவளிடம் பிள்ளையை விடாதே.

7. மணலி அனுபவம் இருக்கிறதா என்று பார்.

வேறு ஊர்க்காரிக்குத் தேவைப்படாத ஒரு அறிவு இங்கே வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, எண்ணூரின் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். இது பகலில், நீ வேலையில் இருக்கும்போது நடந்தால்? நாற்றம் வந்ததும் ஜன்னலைச் சாத்துவாளா, வெளியேற வேண்டியிருந்தால் எந்தத் தெரு வழியாக, யார் யார் எந்தப் பிள்ளையைத் தூக்குவது, உன் போன் எடுக்காவிட்டால் யாருக்குச் சொல்வது? இந்த நாலுக்கும் பதில் வைத்திருக்கிறவள் நம் ஊரில் பழகியவள்.

8. "எங்கிட்ட வந்தா பிள்ளை அழவே அழாது" என்றால் யோசி.

கைக்குழந்தை அழத்தான் செய்யும். ஐந்து மணி நேரம் அசையாமல் தூங்கியது என்று பெருமையாகச் சொன்னால், என்ன கொடுத்தாய் என்று கேள். சளி மருந்தைக் கொடுத்துத் தூங்க வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. உன்னைக் கேட்காமல் ஒரு சொட்டு மருந்தும், கைமருந்தும் கூடாது என்று முதல் நாளே சொல். எத்தனை தடவை பால் குடித்தான், எத்தனை துணி நனைத்தான் என்று ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல். "இது எனக்குத் தெரியல, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லத் தெரிந்தவள்தான் உண்மையான அனுபவசாலி.

9. அனுபவம் குறைந்தவளை ஒரேயடியாகத் தள்ளாதே.

பயிற்சி எடுத்த இளம்பெண், பக்கத்தில் ஒரு மூத்தவள், கையில் மூன்று நாலு பிள்ளைகள். இப்படி ஓர் இடம் கிடைத்தால் நம்பி விடலாம். என் பேத்தியை நாங்கள் விட்டது அப்படி ஓர் இடத்தில்தான். முதல் வாரம் என் மகள் கூடவே உட்கார்ந்தாள். பிறகு ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று பழக்கினாள். தாயின் வாசனை இருக்கட்டும் என்று உடுத்திய பருத்திப் புடவையைத் தூளிக்குக் கொடுத்தாள்.

10. நீயும் அவளுக்கு நியாயமாக இரு.

சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடு. ஆறு மணிக்கு வருகிறேன் என்றால் ஆறு மணிக்குப் போய் நில். நல்ல கைகள் இந்த வேலையை விட்டுப் போவதற்குக் காரணம் குறைந்த கூலியும் மரியாதைக்குறைவும்தான். அவள் போய்விட்டால் அவளோடு அந்தப் பதினைந்து வருஷமும் போய்விடும்.

இன்னும் ஒன்று. 50 பேர் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று 2017 சட்டத் திருத்தமே சொன்னது. சின்னப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று ஆராய மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த குழு 1972இல் அறிக்கை கொடுத்தது. அது வழிவகுத்து, 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில், நாம் பால்வாடி என்கிற அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. கேட்டதால் கிடைத்ததுதான் நமக்குப் பால்வாடியும். இத்தனை தொழிற்சாலை இருக்கிற மணலியில் கைக்குழந்தைக்கு ஒரு நல்ல மடி வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. நாளை வேலைக்குப் போனதும், உன்னோடு வேலை பார்க்கிற பெண்களைச் சேர்த்துக்கொண்டு, "இங்கே காப்பகம் எங்கே?" என்று கேள், மகளே.