வீரா தன் இடத்துக்குப் போவானா?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று வளர்கிறது. பெயர் வீரா. கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். தட்டு வைத்ததுமே வந்து முகத்தை நுழைக்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் மேலே தாவுகிறான். மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, அவரைத் தள்ளிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. நல்ல விலை கொடுத்து மெத்தை வாங்கிப் போட்டோம். அதன் ஓரத்தைக் கடித்துப் பஞ்சை இழுத்துவிட்டு வெறுந்தரையில் படுக்கிறான். தூக்கிக்கொண்டு போய் மெத்தையில் வைத்து அமுக்கிப் பிடித்தாலும், கையை எடுத்ததும் ஓடிவந்துவிடுகிறான். ‘நாலு தட்டு தட்டினால் சரியாகிவிடும்’ என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. சொன்னால் போய்த் தன் படுக்கையில் படுக்கும்படி, அடிக்காமல் பழக்க முடியுமா?

— வாசகி, விருதுநகர்

பதில்: முடியும். உங்களுக்கு மனசு வராதது நல்லதாகப் போயிற்று. அடி வாங்கிய குட்டி, அடித்த கையைப் பார்த்துப் பயப்படப் பழகும். தட்டு வைத்த நேரத்தில் தான் எங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்பது அதற்கு அப்போதும் தெரியாது. அதிலும் சிப்பிப்பாறை தொட்டாற்சுருங்கி ரகம். ஒரு முறை மிரண்டால் பழையபடி நெருங்கி வர வெகுநாள் ஆகும். அமுக்கிப் பிடிப்பதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். அமுக்கினால் எதிர்த்துத் திமிறுவது நாயின் இயல்பு. அந்த மெத்தை அவனைப் பொறுத்தவரை ‘என்னைப் பிடித்து வைக்கிற இடம்’ ஆகிவிட்டது.

முதலில் அந்த மெத்தையை எடுத்துவிடுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்குப் பஞ்சு மெத்தை எதற்கு? நமக்குப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்தும், குளிர்ந்த தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்தும்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வீரா மெத்தையை விட்டு இறங்குவது பிடிவாதத்தால் இல்லை, சூடு தாங்காமல்தான். ஆனால் வெறுந்தரையே போதும் என்றும் விட முடியாது. ஒட்டிய உடம்புக்காரன், எலும்பு தரையில் உரசி முழங்கையில் தோல் காய்த்துப் போகும். துவைத்த சாக்கை இரண்டாக மடித்துப் போடுங்கள், அல்லது பழைய பருத்தி ஜமுக்காளம். கடிப்பதற்கும் காரணம் உண்டு. நாலாவது மாதத்தில் பால் பல் விழத் தொடங்கும், ஈறு ஊறும். கடிக்கத் தனியாக ரப்பர் பொம்மையோ குளிர்ந்த கேரட்டோ கொடுத்தால் சாக்கு தப்பிக்கும்.

சாக்கை எங்கே போடுவது? மாடிப்படிக்கு அடியில் இருட்டு மூலையில் வேண்டாம். கூடத்தின் ஓரமாக, காற்றாடிக் காற்று படுகிற, ஆள் நடமாட்டம் குறுக்கிடாத இடமாகப் பாருங்கள். அங்கிருந்து உங்கள் எல்லோரையும் அவன் பார்க்க முடிய வேண்டும். வீட்டாரைப் பார்க்க முடியாத இடத்தில் எந்தக் குட்டியும் விரும்பித் தங்காது.

அவன் சரியாகச் செய்யும்போதெல்லாம் கொடுக்கிற கூலிக்கு வேக வைத்த கோழிக்கறி. உப்பு, மசாலா, எலும்பு எதுவும் கூடாது. நிலக்கடலைப் பருப்பில் பாதி அளவுக்குப் பிய்த்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். அவித்த முட்டையும் ஆகும். சாக்லேட், வெங்காயம், திராட்சை மூன்றும் நாய்க்கு நஞ்சு. பாயசத்தில் போடுகிற உலர்திராட்சையும் அதில் சேர்த்தி. ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் துணுக்குகள் போகக்கூடாது. அந்த அளவுக்கு அவனுடைய சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன், வெயில் ஏறாத வேளையில், மூன்று நான்கு நிமிடம் பழக்கினால் போதும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. குட்டி சலித்துப் போகும்வரை இழுக்க வேண்டாம்.

முதல் நாள் நீங்கள் எதுவும் சொல்லக்கூடாது. சாக்கை விரித்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். மோந்து பார்க்க வருவான். ஒரு கால் சாக்கின் மேல் பட்ட அதே நொடியில் ‘சபாஷ்’ என்று சொல்லி ஒரு துணுக்கைச் சாக்கின் மேலேயே போடுங்கள். சில விநாடி தாமதித்தாலும் அவன் அதற்குள் திரும்பியிருப்பான், குரைத்திருப்பான். கூலி அதற்குத்தான் என்று எடுத்துக்கொள்வான். ‘இப்போது செய்தாயே, இதற்குத்தான்’ என்று சுட்டிக்காட்டவே அந்தச் ‘சபாஷ்’.

இது சர்க்கஸ் வித்தை இல்லை, ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த முறை. ஒரு செயலுக்குப் பின்னால் நல்லது நடந்தால் அந்தச் செயல் மறுபடி மறுபடி வரும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டினார். அவருடைய மாணவர்களான கெல்லர் பிரிலாண்டும் மரியன் பிரிலாண்டும் 1940களிலேயே அதை விலங்குப் பயிற்சிக்குக் கொண்டுவந்தார்கள். 1960களில் ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையரை நினைத்துப் பாருங்கள். குளத்தில் நீந்துகிற டால்ஃபினுக்குச் சங்கிலி போட முடியாது. அடிக்கப் போனால் நீந்திப் போய்விடும். அவர் கையில் இருந்தது ஒரு விசிலும் ஒரு வாளி மீனும்தான். சரியான நொடியில் விசில், பின்னால் மீன். அந்த அனுபவத்திலிருந்து 1984இல் அவர் எழுதிய புத்தகம்தான் நாய் வளர்ப்பவர்களிடம் இந்த முறையைப் பரப்பியது. க்ளிக்கர் என்று கடையில் விற்கிற சின்னக் கருவியும் செய்வது அந்த விசிலின் வேலையை. உங்களுக்குச் ‘சபாஷ்’ போதும்.

பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு: துணுக்கைக் கையில் நீட்டிக் கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் அவன் கண் உங்கள் கையில் இருக்கும், சாக்கை விட்டு உங்களிடம் வருவான். கூலி எப்போதும் சாக்கின் மேல், அவனுடைய முன்னங்கால்களுக்கு நடுவே விழ வேண்டும். தின்றதும் வேறொரு துணுக்கைச் சாக்குக்கு வெளியே சற்றுத் தள்ளி எறியுங்கள். எடுத்துத் தின்றுவிட்டு நிமிர்ந்து உங்களைப் பார்ப்பான், பிறகு தானாகச் சாக்குக்குத் திரும்புவான். யாரும் கூப்பிடாமல் அவனே திரும்புகிற அந்த ஒரு தடவைக்கு மூன்று நான்கு துணுக்காகவே போட்டுவிடுங்கள், தகும்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எதிர்பார்ப்பைக் கூட்டுங்கள். ஒரு கால் வைத்தபோது கிடைத்தது இனி நாலு காலும் வைத்தால்தான், அப்புறம் படுத்தால்தான். படுக்கத் தோன்றாவிட்டால் துணுக்கை மூக்கருகே காட்டி மெல்லத் தரைவரை இறக்குங்கள், உடம்பும் கூடவே இறங்கும். இடுப்பை அழுத்த வேண்டாம். தயங்காமல் போய்ப் படுக்கிறான் என்று ஆன பிறகுதான் சொல் வர வேண்டும். அவன் கிளம்பப் போகிற சமயம் பார்த்து ‘இடத்துக்கு’ என்று ஒரே தடவை சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும்.

தின்றதும் எழுந்து ஓடிவிடுவானே என்பீர்கள். எழுவதற்கு முன்பே அடுத்த துணுக்கு விழட்டும், உடனே இன்னொன்று. பிறகு இரண்டு விநாடி இடைவெளி, ஐந்து, பத்து என்று நீட்டுங்கள். முடிந்ததென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்: ‘போதும்’ என்று கூறி அவனை எழ விடுங்கள். எழுந்த பிறகு கூலி கிடையாது. நேரத்தைக் கூட்டுகிற நாளில் தூரத்தைக் கூட்டாதீர்கள். தவறினால் அவசரப்பட்டது நாம்தான் என்று எடுத்துக்கொண்டு ஒரு படி பின்னால் போங்கள்.

சாப்பாட்டு வேளைக்கு முதலில் வெறும் தட்டு வைத்து ஒத்திகை பாருங்கள். பிறகு ஒருவர் சாப்பிட, இன்னொருவர் டப்பாவோடு சாக்குப் பக்கம் இருக்கட்டும். இந்த வேலையைக் கணவரிடம் கொடுங்கள். தட்டுவதைவிட இது வேகமாக வேலை செய்வதை அவரே பார்ப்பார்.

ஒன்றில் மட்டும் வீடு முழுக்க உறுதியாக நிற்க வேண்டும். தட்டிலிருந்து ஒரு வாய் கூடக் கொடுக்கக்கூடாது. ‘பாவம், எப்போதோ ஒரு நாள்தானே’ என்று பாட்டி நினைக்கலாம். எப்போதாவது கிடைக்கிற கூலிதான் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும் என்பது ஸ்கின்னரின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. தினமும் கொடுத்து நிறுத்தினால் சில நாளில் விட்டுவிடுவான். பத்து நாளுக்கு ஒரு முறை கிடைத்தால் பத்து நாளும் காத்திருப்பான். நிறுத்திய புதிதில் கூடுதலாகக் குரைப்பான், காலால் பிராண்டுவான். அந்த நேரம் பார்த்து ஒரு உருண்டை விழுந்தால், இன்னும் உரக்கக் கேட்டால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். பாட்டிக்குக் கொடுக்க ஆசையென்றால் சாப்பாடு முடிந்த பிறகு, சாக்கில் படுத்திருப்பவனுக்குக் கொடுக்கட்டும்.

கோபத்தில் அவனை அந்த இடத்துக்கு விரட்டக்கூடாது. மருந்து புகட்டுவது, நகம் வெட்டுவது, உண்ணி எடுப்பது எல்லாம் வேறு இடத்தில். அவன் சாக்கில் இருக்கும்போது பிள்ளைகள் போய் இழுக்கக்கூடாது. மணிக்கணக்கில் அங்கேயே இருத்தவும் கூடாது, நாலு மாதக் குட்டியால் சிறுநீரை அவ்வளவு நேரம் அடக்க முடியாது. காலையும் மாலையும் பாதுகாப்பான வெளியில் ஆசை தீர ஓடட்டும். வேட்டை நாய் வம்சம், ஓடாத நாளில் அவனால் ஒரு இடத்தில் படுக்க முடியாது.

விருந்தாளி வருகிற நேரம்தான் கடினமான பாடம், அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் வீட்டாரே வெளியே போய்க் கதவைத் தட்டிப் பழக்குங்கள். அதுவரை ஆள் வரும்போதெல்லாம் கழுத்துப்பட்டையில் கயிறு போட்டு ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். மாமியாரைப் பொறுத்தவரை இது கட்டாயம். பகலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வீரா சாக்கில் படுக்கும்போதெல்லாம் ஒரு துணுக்கை அங்கே போடலாம். தாவினால் எதுவும் வராது, தன் இடத்தில் கிடந்தால் பாட்டியிடமிருந்து கறி வரும் என்பதை அவன் சீக்கிரமே கணக்குப் போட்டுவிடுவான்.